கோபுரத்துக்கு யார் வண்ணம் அடித்தது?

உங்கள் பாட்டிக்கு வலக் கண்ணில் கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இடக் கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அழைத்துப் போயிருக்கிறீர்கள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவர், “கோபுரத்துக்கு எப்போது வண்ணம் அடித்தார்கள்? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே” என்று கேட்டிருக்கிறார். கும்பாபிஷேகம் முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன, அதன் பிறகு ஒரு தூரிகைகூட மேலே ஏறவில்லை. இதைச் சொல்லிவிட்டு நீங்கள் கேட்டிருப்பது: “அப்படியானால் இத்தனை காலம் பாட்டி பார்த்தது பொய்யா? ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொன்றைக் காட்டுகிறது என்றால், இந்தச் சிற்பம் அழகு, அந்த ஓவியம் நன்று என்று பேசுவதில் என்ன பொருள்?”

இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள். முதலாவது, கண்ணுக்குள் இருக்கும் வில்லையைப் பற்றியது. மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் 31 ஆண்டுகள் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுத்து வந்தவன் என்ற முறையில் அதற்கு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவது, மனத்தைப் பற்றியது. அங்கே என் தொழில் பாதி வழிதான் கூட வரும். மீதி வழிக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்வண்ணம் வைத்து மலைகளை வரைந்து பார்க்கும் ஒருவனுடைய அபிப்பிராயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறக்கும்போது கண்ணின் வில்லை ஏறக்குறையக் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது. வயது ஏற ஏற அது மஞ்சளாகிறது, பிறகு பழுப்பாகிறது. மஞ்சள் வில்லை நீல ஒளியை விழுங்கிவிடும். நாற்பதில் வெள்ளெழுத்து வந்ததும் கடைக்கு ஓடி வருகிறோம், ஏனென்றால் செய்தித்தாள் திடீரென்று படிக்க முடியாமல் போகிறது. நிறம் அப்படித் திடீரென்று போவதில்லை. ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் வித்தியாசம் தெரியாத வேகத்தில் போகிறது. போகப் போக மூளையும் தன் கணக்கைத் திருத்திக்கொண்டே வருகிறது. மஞ்சள் விளக்கடியில் வைத்தாலும் மல்லிகை நமக்கு வெள்ளையாகத்தானே தெரிகிறது? கண்ணுக்குள் வந்து சேரும் ஒளியை அளந்தால் அது மஞ்சள்தான். “விளக்கு மஞ்சள், பூ வெள்ளை” என்று மூளை தானே பிரித்துக்கொள்கிறது. அதே வேலையைத்தான் அது பழுப்பேறிய வில்லையோடும் செய்துகொண்டிருந்தது. ஆகவே பாட்டி பொய்யைப் பார்க்கவில்லை. மங்கலான கடிதத்தைத் தெரிந்த கையெழுத்து என்பதால் படித்துவிடுகிறோமே, அப்படி அவர் கோபுரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

அறுவையில் அந்தப் பழைய வில்லையை எடுத்துவிட்டுத் தெளிந்த செயற்கை வில்லையை வைக்கிறார்கள். மூளையோ இன்னும் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறது. நீலத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துப் பழகிவிட்ட மூளைக்கு, நீலம் முழுசாக வந்து சேர்ந்தால் உலகமே நீலம் போட்டு அலசியதுபோல இருக்கும். போர்ட் லூயியில் சேலைக்கடை வைத்திருந்த ஒரு அம்மா அறுவை முடிந்த மறுவாரம் என் கடைக்கு வந்து சண்டை போட்டார். கண்ணாடியில் கோளாறு இல்லை. ராமர் பச்சை என்று எடுத்து அடுக்கி வைத்திருந்த சேலைகளில் பாதி மயில்கழுத்தாக இருக்கின்றனவாம், அரக்கு என்று விற்றவற்றில் இரண்டு கத்தரிப்பூ நிறமாம். “இத்தனை பேர் வாங்கிப் போனார்களே, ஒருத்தியாவது சொன்னாளா?” என்பதுதான் அவருடைய வருத்தம். இன்னொருவர் கண்ணாடியில் தன் முகச் சுருக்கங்களைப் பார்த்துவிட்டு, அறுவையே செய்திருக்க வேண்டாம் என்றார். அவருக்கு என்னால் உதவ முடியவில்லை.

ஓவியத்துக்கு வருவோம். இந்தப் பேச்சில் பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேயின் பெயர் வராமல் இருக்காது. அவருக்குக் கண்புரை என்று கண்டுபிடித்தது 1912இல். பயந்து பயந்து பத்தாண்டு தள்ளிப் போட்டு, 1923 ஜனவரியில் வலக் கண்ணில் மட்டும் அறுவை செய்துகொண்டார். இடக் கண்ணைத் தொட விடவில்லை. தன் தோட்டத்துக் குளத்துப் பாலத்தை 1899இல் குளிர்ந்த பச்சையும் நீலமுமாக வரைந்தவர், கண்புரை முற்றிய காலத்தில் அதே பாலத்தைத் துருவும் நெருப்புமாக வரைந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, “பாருங்கள், கண் கெட்டது, படம் மாறியது” என்று முடித்துவிடுவார்கள். நானும் இளம் வயதில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. அதை எல் கிரெக்கோவை வைத்து எங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். 1614இல் இறந்த அந்த ஓவியரின் மனிதர்கள் எல்லாரும் இழுத்து நீட்டியதுபோல ஒல்லியாக, உயரமாக இருப்பார்கள். அவருக்குக் கருவிழி வளைவில் கோளாறு, அதாவது நீங்கள் கடையில் ‘சிலிண்டர் பவர்’ என்று கேள்விப்படுவது இருந்திருக்கும், அதனால் மனிதர்கள் நீளமாகத் தெரிந்தார்கள், தெரிந்தபடி வரைந்தார் என்று நூறாண்டுக்கு முன் சிலர் சொன்னார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் நின்று யோசியுங்கள். எதிரே நிற்கும் மனிதனை நீட்டிக் காட்டும் கண், துணியில் வரையும் மனிதனையும் அதே அளவு நீட்டித்தானே காட்டும்? அவர் கண்ணுக்கு இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் துணியில் சரியான அளவிலேயே வரைந்திருக்க வேண்டும். கோளாறு இரண்டு பக்கமும் விழுந்து கழிந்துவிடுகிறது. எனவே அந்த நீட்டம் அவர் விரும்பிச் செய்தது. கண் மருத்துவம் படித்தவர்கள் கலையைப் பற்றி வாய் திறக்கும் முன் இதை ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது, நான் உட்பட.

மொனேயின் கதையில் இது முழுவதும் கழிவதில்லை. பழுப்பு வில்லை பாலத்தையும் பழுப்பாக்கும், துணியையும் பழுப்பாக்கும். அந்த அளவில் கணக்குச் சரி. ஆனால் கண்புரை நிறத்தை மாற்றுவதோடு நிற்பதில்லை. இரண்டு நிறங்களுக்கு நடுவே உள்ள வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. கருநீலமும் கரும்பச்சையும் ஒன்றாகத் தெரிகிறவருக்கு, எதை எடுத்துப் பூசினோம் என்று துணி திருப்பிச் சொல்லாது. மொனே வண்ணக் குழாய்களின் மேலிருந்த எழுத்தைப் படித்து நிறம் எடுத்தார், தட்டில் வண்ணங்களை எப்போதும் ஒரே வரிசையில் வைத்துக்கொண்டார். பாதிக்குமேல் நினைவிலிருந்து வரைந்தார் என்றே சொல்லலாம். இதுவரை உறுதி. அந்தச் சிவப்புகள் கண்புரையின் வேலையா, முதுமையில் அவர் துணிந்து எடுத்த முடிவா என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. கண்புரை சில கதவுகளைச் சாத்தியது, திறந்திருந்த கதவுகளில் எதற்குள் போவது என்பதை அவர்தான் தேர்ந்தெடுத்தார் என்பது என் எண்ணம். அறுவைக்குப் பிறகு அவரும் எல்லாம் நீலமாக இருக்கிறது என்று புலம்பினார். நிறம் சேர்த்த கண்ணாடிகள் கொடுத்துத்தான் சமாளித்தார்கள். கண்ணுக்குள் வில்லை வைக்கும் வழி அன்று இல்லை. அது 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி தொடங்கியது. போர் விமானிகளின் கண்ணுக்குள் சிதறிய விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்ததில் பிறந்த யோசனை. உங்கள் பாட்டியின் வலக் கண்ணில் இருப்பது அதன் கொள்ளுப்பேத்தி.

என் சிவப்பும் உங்கள் சிவப்பும் ஒன்றா என்று அடுத்து கேட்பீர்கள். கேட்காதவர் இல்லை. இரண்டு நிறங்களை உங்களால் பிரிக்க முடிகிறதா என்பதை நான் அளக்கலாம். 1917இலிருந்து இருக்கும் இஷிஹாராவின் புள்ளி அட்டைகள் அதைத்தான் செய்கின்றன. பிரித்த பிறகு உங்களுக்குள் அது எப்படி இருக்கிறது என்பதற்கு அட்டை கிடையாது. அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால்தான் என்று நம்பி, தான் இறந்தபின் கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லி வைத்தார். 1844இல் இறந்தார், திறந்து பார்த்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணின் திசுவிலிருந்து மரபணுவை எடுத்து 1995இல் சோதித்தபோதுதான் உண்மைக் காரணம் தெரிந்தது. பச்சைக்குரிய நிறமி அவருக்கு இல்லை. தன் பார்வையைப் பற்றி இவ்வளவு நேர்மையாக யோசித்த மனிதருக்கே உள்ளிருந்து காரணம் தெரியவில்லை.

மொழி நிறத்தை மாற்றுமா என்பது இன்னும் குழப்பமான இடம். வெளிர் நீலத்துக்கும் கருநீலத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் ரஷ்யர்கள் அவற்றைக் கொஞ்சம் விரைவாகப் பிரிக்கிறார்கள் என்று 2007இல் ஓர் ஆய்வு வந்தது. வேறுபாடு இருக்கிறது, ஆனால் கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவு. அதைப் பிடித்துக்கொண்டு ‘பெயரில்லாத நிறம் கண்ணுக்கே தெரியாது’ என்பதுவரை போகிறவர்களோடு நான் போவதில்லை. நம்மவர்கள் திருமாலைக் கருமேனி என்றார்கள், நீலமேனி என்றார்கள், பச்சைமேனி என்றும் பாடினார்கள். நிறம் தெரியாமலா பாடினார்கள்?

இரண்டாவது கேள்விக்கு இப்போது வரலாம். கையை முன்னே நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அகலத்துக்குத்தான் கண் கூர்மையாகப் பார்க்கிறது. மற்றதெல்லாம் மங்கல். கண் நொடிக்கு இரண்டு மூன்று முறை தாவித் தாவி அந்தச் சிறு வட்டத்தை எங்கெங்கோ கொண்டுபோய் வைக்கிறது, மூளை ஒட்டுப்போடுகிறது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை முடிவு செய்வது யார்? சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரெட் யார்புஸ் 1960களில் இதை அளந்து காட்டினார். வெகுநாள் காணாமல் போன ஒருவன் திடீரென்று வீட்டுக்குள் நுழைவதாக இல்யா ரேபின் வரைந்த ஓவியத்தை ஒருவர் முன் வைத்தார். “இவர்களுக்கு என்ன வயது இருக்கும்?” என்று கேட்டால் கண் முகங்களில் மொய்த்தது. “இந்தக் குடும்பத்துக்கு வசதி எப்படி?” என்றால் நாற்காலி மேசைகளுக்கு ஓடியது. ஓவியமும் அதேதான், கண்ணும் அதேதான், கேள்வி மட்டும் மாறியது. நாம் கேட்ட கேள்விக்குத்தான் கண் பதில் தேடிப் போகிறது.

போர்ட் லூயியில் ‘கைலாசோன்’ என்று ஊரார் சொல்லும் மீனாட்சியம்மன் கோயிலில் ஒரு பிரெஞ்சுக்காரப் பயணி என்னிடம், “அந்தப் பெண்ணுக்கு ஏன் பச்சை முகம்? நோயாளியா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையான சந்தேகம். எனக்கு அப்போதுதான் உறைத்தது: அத்தனை ஆண்டுகளில் அந்தப் பச்சையை நான் ஒரு நாளும் நிறமாகப் பார்த்ததில்லை. மீனாட்சி என்று பார்த்திருக்கிறேன், கையில் கிளி என்று பார்த்திருக்கிறேன். அவர் பச்சையைப் பார்த்தார், மீனாட்சியைப் பார்க்கவில்லை. யார் அதிகம் பார்த்தது? சட்டென்று நான் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் அன்று அவர் கேட்டபின் உற்றுப் பார்த்தபோது, கன்னத்தில் வெளிர்ப் பச்சையும் கழுத்து மடிப்பில் அடர் பச்சையும் வைத்து முகத்தை உருட்டியெடுத்திருந்த கைத்திறன் எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது. அறிவு கண்ணைத் திறக்கிறது, அதே கையால் மூடவும் செய்கிறது.

1998இல் நம் மொரீஷியஸில் புதிய ரூபாய்த் தாள்கள் வந்தது பாட்டிக்கு நினைவிருக்கும். வழக்கமாகத் தமிழ் எழுத்து இருக்கும் வரிசை மாறி, தேவநாகரி முந்திக்கொண்டிருந்தது. பலருக்கு அது காய்கறி வாங்கும் தாள்தான். நம்மவர்கள் கண் நேரே அந்த வரிக்குப் போய் நின்றது. எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டு பழைய வரிசையில் புதுத் தாள் அடித்தார்கள். மிகைப்படுத்திப் பார்த்தோம் என்று அன்று சொன்னவர்கள் உண்டு. வரிசை மாறியிருந்தது உண்மை, அது பொருட்டா இல்லையா என்பதுதான் பார்வை.

கலைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று, போர்ட் லூயியின் கோடான் நீர்முனையில் புளூ பென்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1847இல் இங்கே அச்சான ஆரஞ்சுச் சிவப்பு ஒரு பென்னி, நீல இரண்டு பென்னி அஞ்சல்தலைகள். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்பதால் அசல்களுக்குச் சிறிது நேரம்தான் விளக்குப் போடுகிறார்கள், மற்ற நேரம் நகல்களைத்தான் பார்க்கலாம். அந்த மங்கல் ஒளியில், கண்ணாடிக்கு இப்பால் நின்று, அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியாது என்று தொழில்முறைச் சத்தியமே செய்வேன். ஆனாலும் விளக்குப் போடும்வரை நானும் காத்திருந்தேன், போட்டதும் எனக்குள் ஏதோ அசைந்தது. கண்ணுக்கு வந்த ஒளியில் அது இல்லை. அதற்காக அதைப் போலி உணர்ச்சி என்று தள்ளவும் எனக்கு மனமில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டால் உங்கள் சந்தேகம் வலுத்துத்தான் போயிருக்கும். எல்லாம் பார்ப்பவர் பாடு என்று ஆகிவிடுகிறதே! நான் அங்கே போகவில்லை. காரணம் பீட்டர் போத். 820 மீட்டர் உயர மலை, உச்சியில் தனியே உட்கார்ந்திருக்கும் பாறை. சிலருக்கு அது தலை, சிலருக்குப் போர்வை போர்த்திய மனிதன். தேவதைகள் ஆடியதைப் பார்த்துவிட்டு வெளியே சொன்னதால் கல்லான பால்காரன் என்று ஒரு கதை. எழுத்தாளரும் ஓவியருமான மால்கம் தெ ஷஸால் (1902–1981) நம் மலைகள் எல்லாமே லெமூரியாவின் பழங்குடி மாந்தர் செதுக்கிய சிற்பங்கள் என்றார். கியூர்பிப் தோட்டத்தில் ஓர் அசேலியாப் பூ தன்னைத் திரும்பிப் பார்த்ததாகச் சொன்னவரும் அவர்தான். குமரிக்கண்டக் கனவு கண்ட நமக்கு அவரைப் பார்த்துச் சிரிக்க உரிமையில்லை. அவருடைய லெமூரியர்களை நான் நம்பவில்லை, ஆனால் அவர் சொன்னபின் மலை விளிம்புகளை வேறு மாதிரி வரையத் தொடங்கினேன். இத்தனை பேர் இத்தனை விதமாகப் பார்த்த அந்தப் பாறையை, பசுமாடு என்று சொன்னவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. பாறை சிலவற்றுக்கு இடம் கொடுக்கிறது, சிலவற்றுக்குக் கொடுப்பதில்லை. ஓவியமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். பல வாசிப்புகளைத் தாங்கும், எதை வேண்டுமானாலும் தாங்காது. ஒருவர் சொன்னது கேட்டுத் திரும்பிப் போய்ப் பார்க்கும்போது படத்தில் புதிதாக ஒன்று தெரிந்தால், அவர் பேச்சுக்குப் பொருள் இருந்தது. தெரியாவிட்டால் அது அவரைப் பற்றிய செய்தி மட்டுமே. மீனாட்சியின் கழுத்து மடிப்பை எனக்குக் காட்டியவர் மீனாட்சியை அறியாத ஒருவர்.

சில நேரம் பொருளே ஏமாற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லெ மோர்ன் அருகே வானிலிருந்து பார்த்தால் கடலுக்கடியில் அருவி விழுவதுபோல இருக்கும். மணலும் வண்டலும் ஆழத்தை நோக்கிச் சரிவதும், ஆழம் கூடக் கூட நீரின் நிறம் கறுப்பதும் சேர்ந்து செய்யும் வேலை. அதே இடத்தில் படகில் இருக்கும் மீனவருக்கு அருவியும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கே நின்று பார்க்கிறோம் என்பதும் பார்வையின் ஒரு பகுதிதான். மோக்காவில் நம் கண் மருத்துவமனைக்கு, இந்த உலகமே காட்சிப் பிழையோ என்று பாட்டில் கேட்ட சுப்பிரமணிய பாரதியின் பெயரையே வைத்தது யார் யோசனையோ, அவருக்குக் குறும்பு அதிகம்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், அதற்கு அவசரமும் இருக்கிறது. பாட்டியின் மூளை இன்னும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், புதுக் கணக்குக்குப் பழகிவிடும். கோபுரத்தின் புது வண்ணமும் பழைய வண்ணமாகிவிடும். இடக் கண்ணிலும் அறுவை முடிந்துவிட்டால், பழைய கோபுரத்தைப் பார்க்க வழியே இல்லை. இப்போது மட்டும் அவரிடம் இரண்டும் இருக்கின்றன: இடக் கண்ணில் பழையது, வலக் கண்ணில் புதியது. அறுவை நாளுக்கு முன் ஒரு காலை வெயிலில் மறுபடி அழைத்துப் போங்கள். ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மற்றதை. மீனாட்சி உங்கள் கோபுரத்திலும் இருந்தால் அங்கே தொடங்குங்கள். பச்சை, நீலம் என்று கேட்காதீர்கள், சேலைப் பெயர்களில் கேளுங்கள், மிகத் துல்லியமாகச் சொல்வார். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று கவனம்: வலக் கண்ணை மூடும்போது உள்ளங்கையைக் குழித்து மேலே பிடித்தால் போதும், கண்ணை அழுத்தக் கூடாது.